குறுக்குக் கம்பிக்கு ஒரு சிவப்பு விளக்கு

"அண்ணே, ஸ்டோர் ரூம்ல ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு கெடக்கு. உள்ள ஒரு ஐஸ் குச்சி ஒட்டியிருக்கு. பக்கத்துல ரேடியோ வால்யூம் தொங்குது. என்னா சாமான் இது, தூக்கிப் போட்டுடலாமா?"

நான் ஓய்வு பெற்ற சர்வே லேபில் இப்போது வேலை பார்க்கும் சுகன்யா போனில் இப்படிக் கேட்டாள். பழைய கருவிகளை எல்லாம் கழித்துக் கட்டுகிறார்களாம். திசை வேண்டுமென்றால் இப்போது செயற்கைக்கோளைக் கேட்டால் போதும், அது சொல்லிவிடுகிறது. "போடும்மா, ஆனா என்னான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடு" என்றேன். போனில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே என் குரல் நின்றுவிட்டது. அவள் பயந்துபோய் "அண்ணே, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். விளக்கைச் செய்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். அந்த விளக்கில் நான் பார்த்ததை அப்படிச் சொல்ல முடியவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனது எட்டாவது வரைக்கும். பிறந்தது திட்டக்குடிப் பக்கம். கடலூர் முதுநகரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை, பிறகு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மீட்டர் பழுது பார்க்கிற வேலை, அப்புறம் சிதம்பரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் சர்வே லேபில் உதவியாளர். ரேடியோக் கடை முதலாளி ஒரு வாக்கியம் சொல்வார்: "கழட்டத் தெரிஞ்சவன் நூறு பேரு, கடைசி ஸ்க்ரூ எங்க போகும்னு தெரிஞ்சவன் ஒருத்தன்." நான் படித்த படிப்பு அந்தக் கடைசி ஸ்க்ரூதான்.

லேபுக்குத் தலைவர் ஜெயசீலி மேடம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மாணவன் கருவியில் கண்ணை வைத்துப் பார்த்து அளவைச் சொல்வான். மேடம் தலையை நிமிர்த்தாமல் "இன்னொரு முறை" என்பார். "தப்பா மேடம்?" என்று கேட்டால், "தெரியாது. இன்னொரு முறை." அவ்வளவுதான். பையன்கள் அவருக்கு 'இன்னொரு முறை மேடம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் வராந்தாவில் ஒருவன் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றார். அவன் வெலவெலத்துப் போனான். "சரியா கேக்கல. இன்னொரு முறை சொல்லு" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு கட்டளையும் உண்டு. வரவேண்டிய விடையைக் கண் வைத்துப் பார்க்கிறவனிடம் யாரும் சொல்லக் கூடாது. "விடை தெரிஞ்சா கண்ணு கம்பிய நகத்தும்" என்பார். அதனால் எங்களுக்கு எந்தக் கணக்கையும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார். எண்ணைப் பார்ப்போம், கத்துவோம், அவர் எழுதுவார்.

2004 கடைசியில் சுனாமி வந்தது. அடுத்த வருடம் கடலூர்க் கடற்கரைக் குப்பங்களில் புது வீடுகளுக்கு மனை பிரிக்க எங்கள் கல்லூரியிலிருந்தும் ஆள் போனோம். பழைய எல்லைக் கற்கள் ஒன்றுகூட இல்லை. கல் நின்ற தெருவே இல்லை என்னும்போது கல்லை எங்கே தேடுவது? முதலில் உண்மையான வடக்கு எது என்று தெரிய வேண்டும். "நட்சத்திரத்தப் புடிப்போம்" என்றார் மேடம்.

சாலை ஓரத்தில் முக்காலி மேல் ஒரு கருவியை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்களே, அதுதான் தியோடலைட். அதன் தொலைநோக்கிக்குள் மயிரை விட மெல்லிசாக, கூட்டல் குறி போல, குறுக்குக் கம்பி இருக்கும். பார்க்கிற பொருளை அந்தக் கம்பியின் நடுவில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பகலில் ஒரு தொல்லையும் இல்லை. இருட்டில் கறுப்புக்குள் கறுப்பாகக் கம்பி மறைந்துவிடும். நட்சத்திரம் தெரியும், கம்பி தெரியாது. டார்ச் அடித்தால் கம்பி தெரியும், நட்சத்திரம் காணாமல் போகும். அதிலும் நம் ஊரில் துருவ நட்சத்திரம் தென்னை மரத்தின் இடுப்பு உயரத்துக்குத்தான் ஏறும். கடல் ஈரத்தில் அழுதுகொண்டு நிற்கும். கம்பெனிக்காரன் கொடுத்த விளக்கு பேட்டரி ஒழுகி என்றைக்கோ செத்துப்போயிருந்தது.

முதலில் ஒரு பையனை முன்னால் நிறுத்தி டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னோம். அவன் மூச்சு விட்டால் வெளிச்சமும் மூச்சு விட்டது. மெழுகுவத்தியைக் கடற்காற்று ஊதித் தள்ளியது. சிகரெட் லைட்டரின் அடியில் வரும் குட்டி பல்பை எடுத்துக் கட்டினேன். மேடம் கண்ணை வைத்துவிட்டு, "கலியமூர்த்தி, உள்ள கல்யாண வீடு மாதிரி இருக்கு" என்றார்.

சிதம்பரம் மேலவீதி ஹார்டுவேர் கடையில் போய்த் தொலைநோக்கியின் வாயளவைச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் குழாய் இணைப்பு கேட்டேன். கடைக்காரர் கேட்டார்: "தண்ணி வருமா, காத்து வருமா?" "வெளிச்சம் வரும்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். உள்பக்கம் சைக்கிள் டியூப்பை ஒட்டினேன், தொலைநோக்கியின் வாயில் தொப்பி மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. குழாயின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு பல்பைச் செருகினேன். பல்புக்கு முன்னால் உடைந்த மொபெட்டின் பின்விளக்குச் சிவப்புச் சில்லு ஒன்று, ஏனென்றால் சிவப்பு வெளிச்சம் கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுக்காது. குழாயின் நடுவில் ஐஸ் குச்சியின் நுனி மட்டும், சாய்வாக. பல்பின் வெளிச்சம் குச்சியில் பட்டு உள்ளே திரும்பும், குச்சியைச் சுற்றி நட்சத்திரம் உள்ளே வரும். முதலில் குச்சியில் கல்யாணப் பத்திரிகையின் வழுவழுத் தாளை ஒட்டினேன், பளிச்சென்று கண்ணைக் குத்தியது. அதைக் கிழித்துவிட்டு வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவினேன். அது சொன்னபடி கேட்டது. கடைசியாக ரேடியோ வால்யூம் ஒன்று, பாட்டைக் குறைப்பது போல வெளிச்சத்தைக் குறைக்க.

மேடம் வெகுநேரம் பார்த்தார். வால்யூமைத் திருப்பிக்கொண்டே வந்து, கம்பி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற இடத்தில் நிறுத்தினார். "வெளிச்சம் வெக்கப்படணும், கலியமூர்த்தி. அப்பத்தான் நட்சத்திரம் பேசும்" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு அது.

அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு தை மாதம். லால்பேட்டையைத் தாண்டி ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். அங்கே புதுத் தெருவில் ஒரு பள்ளிவாசல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அஸ்திவாரம் போட்டு, தூண்களுக்குக் கம்பி நிமிர்த்தியாகிவிட்டது. அப்போது தகராறு வந்தது: கட்டடம் கிப்லாவை, அதாவது மக்காவின் திசையை, சரியாகப் பார்க்கிறதா? பழைய பள்ளிவாசலை ஒட்டிப் பார்த்தால் இது கோணலாகத் தெரிகிறது என்றார்கள் சிலர். தொழுகை நடத்தும் ஊர் ஹஜ்ரத் அமைதியான மனிதர். "நாம பேசிப் பேசி ரெண்டா போறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்களக் கூட்டியாருவோம்" என்று மேடத்திடம் ஆள் அனுப்பியிருந்தார்.

கட்டடத்தை முன்னின்று நடத்தியவர் ரஹ்மத்துல்லா பாய். வாழ்நாளில் பாதியைச் சவுதியில் ஒரு லேபர் கேம்ப்பில் கழித்துவிட்டுத் திரும்பியவர். அங்கே தொழுகைக்குத் திசை பார்க்க வைத்திருந்த பித்தளைக் காம்பஸை இங்கேயும் சட்டைப் பையில் வைத்திருந்தார். கட்டடத்துக்குக் கோடு போட்டது அந்தக் காம்பஸை வைத்துத்தான்.

அவர் மனைவியின் தம்பி ஜாஃபர், சைக்கிளில் சாய்ந்துகொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார். "எங்க மச்சான் காம்பஸ் இருக்கறப்ப நட்சத்திரம் எதுக்குங்க? சூரியனே அவருகிட்ட வழி கேட்டுட்டுத்தான் மறையும்."

"சும்மா இருடா" என்றார் பாய்.

"நான் சும்மாத்தான் இருக்கேன். எங்க அக்காதான் சும்மா இருக்க முடியாம ஒரு பக்கமா படுத்திருக்கா."

ஹஜ்ரத் என்னைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னார். பாயின் மனைவி அதற்கு முந்தைய வருடம் இறந்துபோனார். அடக்கம் செய்கிற கபரஸ்தானில் எல்லாக் கபர்களும், அதாவது குழிகளும், ஒரே வரிசையில், தலை வடக்கேயும் முகம் கிப்லா பக்கமும் இருக்கும்படி வெட்டப்பட்டவை. பாய் அன்றைக்குக் காம்பஸை வைத்துப் பார்த்துவிட்டு, வரிசையே தப்பு என்று சொல்லி, அத்தனை பேரோடும் சண்டை போட்டுத் தன் மனைவியின் குழியை மட்டும் திருப்பி வெட்ட வைத்தார். ஜாஃபர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். பாய் கேட்கவில்லை. அன்றிலிருந்து மச்சானும் மைத்துனரும் நேராகப் பேசுவதில்லை. குத்திக் குத்திப் பேசுவதோடு சரி. "கட்டடத்த இடிச்சுக் கட்டிக்கலாம். அத என்ன பண்றது?" என்றார் ஹஜ்ரத்.

மக்ரிப் தொழுகை முடிந்து நன்றாக இருட்டியதும் மேடம் தொலைநோக்கியை அந்த ஊரின் அட்சரேகை உயரத்துக்குத் தூக்கி வைத்தார். நட்சத்திரம் தானாகவே உள்ளே வந்து நின்றது. நான் விளக்குத் தொப்பியை மாட்டினேன். பார்த்தார், தொலைநோக்கியைப் புரட்டிப் போட்டு மறுபடி பார்த்தார், காகிதத்தில் எதையோ கணக்கிட்டார். பிறகு கருவியைக் கிப்லா பக்கம் திருப்பி, டார்ச் வெளிச்சத்தில் இரண்டு முளைக்குச்சி அடிக்கச் சொன்னார். நடுவில் வெள்ளை நூலைக் கட்டினோம்.

நூல் தொடங்கிய இடத்தில் அதற்கும் அஸ்திவாரத்துக்கும் விரல் அகல இடைவெளி. அந்தக் கோடிக்கு நடந்து போய்ப் பார்த்தால், நடுவில் ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம்.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ஜாஃபர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு நூலின் பக்கத்தில் வந்து குந்தினார். மேடம் பாயிடம் கேட்டார்: "கோடு போட்ட அன்னிக்கு இந்தக் கம்பிக் கட்டெல்லாம் எங்க இருந்துச்சு?"

"இங்கதான் மேடம். லாரில வந்து எறக்குனது அப்படியே கெடந்துச்சு."

"இரும்பு பக்கத்துல இருந்தா முள்ளு அது பக்கம் சாயும்."

பாய் காம்பஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கட்டடத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "மேடம், இந்தக் காம்பஸே பொய் சொல்லுதா? இல்ல, எடம்தான் பொய் சொல்ல வெச்சுதா?" கூட்டம் முழுவதற்கும் தெரியும் அவர் எந்த இடத்தைக் கேட்கிறார் என்று.

மேடம் எல்லோரையும் இரும்பு வாசனையே இல்லாத அறுத்த வயலுக்குக் கூட்டிப் போனார். அங்கேயும் நட்சத்திரத்தைப் பிடித்து வடக்குக் கோடு போட்டு, நூலுக்கு அடியில் காம்பஸை வைத்தார். முள் ஆடி ஆடி, நூலோடு நூலாகப் படுத்தது.

பாய்க்கு மூச்சு வந்தது. காம்பஸை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு சிரித்தார். "பாத்தியாடா. என் காம்பஸ் சரியாத்தான் இருக்கு. கபரஸ்தான்ல ஏது லாரி, ஏது கம்பி?" ஜாஃபர் தலையைக் குனிந்துகொண்டார். ஊர்க்காரர்கள் முகத்தில்கூடத் தெளிச்சி வந்தது. நானும் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

மேடம் மட்டும் நகரவில்லை. "பாய், அன்னிக்கு காம்பஸ எது மேல வெச்சு பாத்தீங்க?"

"மையித்த எறக்கறதுக்கு முன்னாடி... மண்ணெல்லாம் மேடும் பள்ளமுமா கெடந்துச்சு. அதனால சந்தூக்கு மேல வெச்சு..."

சந்தூக்கு என்றால் மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, சுமந்து வரும் பெட்டி.

"சந்தூக்கு மரமா?"

ஜாஃபர்தான் சொன்னார், மிக மெதுவாக. "பைப்பு. இரும்புப் பைப்பு."

என் கையிலிருந்து பெட்டியின் மூடி நழுவி விழுந்துவிட்டது. அந்தச் சத்தம்தான் வயல் முழுக்கக் கேட்டது.

மறுநாள் மாலை கபரஸ்தானை அளப்பது என்று முடிவாயிற்று. ஹஜ்ரத் வேண்டாம் என்றுதான் சொன்னார். "பாய், திசைங்கறது ஊசி மொன இல்ல, ஒரு பக்கம். கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் அவுங்க கிப்லாவ விட்டு வெளிய போயிடல. மூடுன கபர தோண்டவும் முடியாது. தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன் ஹஜ்ரத். நான் சண்ட போட்டுத் திருப்புனவன். எனக்குத் தெரியணும்."

அந்த ஊரில் பெண்கள் கபரஸ்தானுக்குள் போவதில்லை. அதைச் சொல்ல ஹஜ்ரத் தயங்கினார். மேடம் அதற்குள்ளேயே, "நான் கேட்டுலயே நிக்கறேன். கலியமூர்த்தி பாப்பாரு" என்று முடித்துவிட்டார். அப்படித்தான் நான் தனியாக உள்ளே போனேன். வரவேண்டிய எண் எது என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லவும் இல்லை.

முதலில் வரிசையில் ஒரு பழைய கபர். அதன் கால் பக்கம் கருவியை நிறுத்தி, நட்சத்திரத்தைக் கம்பியில் உட்கார வைத்து, அங்கிருந்து தலைமாட்டில் நட்டிருந்த மீசான் கல் வரைக்கும் திருப்பினேன். "வடக்கிலேர்ந்து இருபது பாகை" என்று கேட்டைப் பார்த்துக் கத்தினேன்.

"இன்னொரு முறை."

மறுபடியும் இருபது.

"அடுத்தது."

பாயின் மனைவியின் கபர் மட்டும், வரிசையில் நின்றவர்கள் நடுவில் ஒருத்தி திரும்பிப் பார்த்தது போல இருந்தது. கருவியை நிறுத்தினேன். தலைமாட்டுக் கல்லுக்கு முன்னால் தூக்குக்குண்டு நூலைப் பிடித்து, அதன் மேல் டார்ச் அடிக்க ஒரு ஆள் வேண்டும். ஜாஃபர் வந்து நின்றார். வால்யூமைக் குறைத்தேன். சிவப்பு இருட்டில் கம்பி, கம்பியில் நட்சத்திரம். அங்கிருந்து திருப்பி நூலைப் பிடித்தேன். எண்ணைப் படித்தேன். கூலிக்காரன் மூட்டைக் கணக்கைச் சொல்வது போலச் சத்தமாகச் சொன்னேன்: "முப்பத்தொண்ணு."

கேட்டிலிருந்து குரல் வரவில்லை.

இத்தனை வருடத்தில் எந்த அளவுக்கும் 'இன்னொரு முறை' சொல்லாமல் இருந்தவர் இல்லை அவர். காத்திருந்தேன். வரவே இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, என் வாயால் என்ன சொல்லிவிட்டேன் என்று. வரவேண்டிய எண் இருபதுதான். வரிசை சரி. வரிசை சொன்ன ஜாஃபர் சரி. திருப்பியதுதான் தப்பு.

ஒரு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஜாஃபர் மச்சானைக் குத்திக்கொண்டிருந்தார். இப்போது ஊர் முன்னால் ஜெயித்தாகிவிட்டது. அவர் என் பக்கம் வந்து, "அண்ணே, இன்னொரு தடவ பாருங்க" என்றார்.

பார்த்தேன். அதேதான்.

"கம்பி சரியா தெரிஞ்சிருக்காது. அந்த லைட்ட கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிப் பாருங்க."

ஏற்றிப் பார்த்தேன். இறக்கிப் பார்த்தேன். அதேதான்.

"நூலு ஆடியிருக்கும்ணே. எனக்குக் கை ஆடுது. வேற யாரையாவது புடிக்கச் சொல்லுங்க. எங்க அக்காண்ணே."

வேறு ஒருவர் பிடித்தார். அதே எண். ஜாஃபர் என்னை விலக்கிவிட்டுத் தானே கண்ணை வைத்தார். என்ன பார்க்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது. குனிந்த முதுகு நிமிரவே இல்லை. கேட்டிலிருந்து மேடம், "கலியமூர்த்தி, பெட்டில வெச்சுடுங்க" என்றார். அவர் குரல் அவர் குரல் மாதிரி இல்லை.

ரஹ்மத்துல்லா பாய் காம்பஸை ஹஜ்ரத்தின் கையில் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். ஜாஃபர் பின்னாலேயே ஓடினார். "மச்சான், இருட்டா இருக்கு, நில்லுங்க" என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் குத்தாமல் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று ஹஜ்ரத் சொன்னார்.

பள்ளிவாசல் அஸ்திவாரத்தை உடைத்து நட்சத்திரக் கோட்டில் மறுபடி போட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ முகாம், எத்தனையோ நட்சத்திரம். அந்தத் தொப்பியை மாட்டும்போதெல்லாம் கையில் ஒரு தயக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. வெளிச்சம் போட்டுவிட்டால் தெரிந்துவிடும், தெரிந்த பிறகு தெரியாமல் போகாது.

2012-இல் நான் ஓய்வு பெற்றேன். சொல்லிக்கொண்டு வரலாம் என்று பழகிய ஊர்களுக்கெல்லாம் போனபோது அந்த ஊருக்கும் போனேன். ரஹ்மத்துல்லா பாய் தளர்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். ஜாஃபர் எங்கே என்று கேட்டேன். "வாங்க" என்று கபரஸ்தானுக்குக் கூட்டிப் போனார்.

வரிசையில் எல்லாக் கபரும் அதே மாதிரி நேராக இருந்தன. அந்த ஒன்று மட்டும் திரும்பி இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று, மண் இன்னும் இறுகாதது, அச்சாக அதே சாய்வில்.

"பாய், இது யாரு அளந்தது?"

"யாரும் அளக்கல. அக்கா கபருக்கு எணையா கயிறு புடிச்சு வெட்டணும்னு ஹஜ்ரத்துகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருக்கான். அக்கா மட்டும் தனியா திரும்பிக் கெடக்கக் கூடாதாம். திசைய விட்டு வெளிய போகலன்னு அவரும் சரின்னுட்டாரு. மாரடைப்பு, ஒரே நாள்ல போயிட்டான். கபர வெட்டறப்பத்தான் எனக்கே தெரியும்." குனிந்து அந்தப் புது மண்ணைத் தட்டிச் சரிசெய்தார். "என் காம்பஸு ஒருத்தியத்தான் திருப்புச்சுன்னு நெனச்சிருந்தேன் அண்ணே. இப்ப ரெண்டு பேரு."

அக்காவின் அந்தப் பக்கம், ஒரு ஆள் படுக்கும் அகலத்துக்கு இடம் இருந்தது. அதன் நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்து, அதே சாய்வில் பாய் வெள்ளை நூல் கட்டியிருந்தார்.